பரங்கிப்பேட்டை நூலகரும் குடிகாட்டுக் குண்டும்

அறுபதுகளின் தொடக்கத்தில் கடலூர் முதுநகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியராக வேலை பார்த்தேன். வீடு சிதம்பரத்தில். காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புவேன். எங்கள் பள்ளி நூலகர் பரங்கிப்பேட்டையில் ஏறுவார். ஒரே பள்ளி, ஒரே ரயில் என்றாலும் முதல் ஒரு வருஷம் தலையசைப்பதோடு சரி. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதாவது படிப்பார். நான் தூங்குவேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சார், ஒரு சந்தேகம். தேவனாம்பட்டினம் கோட்டையில கிழக்கால சுட்ட குண்டு கடல்ல விழுந்துச்சு, அதனால கடலும் வெள்ளக்காரனுக்கே சொந்தமாயிடுச்சுன்னு நீங்க வகுப்புல சொன்னதா ஒன்பதாவது பையன் ஒருத்தன் சொல்றான். எந்தப் புத்தகத்துல இருக்குதுன்னு என்னைக் கேட்டான். நானும் மூணு நாளா தேடுறேன், கிடைக்கல. நீங்க எதுல படிச்சீங்க?"

கடலூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனிக்காரர்கள் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழுகிற தூரம் வரைக்கும் நிலம் சேரும் என்று பேச்சு. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். இவ்வளவும் புத்தகத்தில் இருந்தது. கடல் விஷயம் மட்டும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு, பையன்கள் சொக்கி விழுந்துகொண்டிருந்தார்கள், எழுப்புவதற்காக நான் கட்டிவிட்டது அது.

"அது நான் சும்மா சொன்னது பாய்" என்றேன். "தூங்காம இருக்கட்டும்னு."

அவர் சிரிக்கவில்லை. "அப்படியா" என்றார். ஆலப்பாக்கம் தாண்டிய பிறகு மெதுவாகச் சொன்னார்: "பையனோட நோட்டப் பார்த்தேன். கோடு போட்டு எழுதி வச்சிருக்கான். பக்கத்துப் பையனும் எழுதியிருக்கான்."

அன்று வகுப்புக்குப் போய் எல்லோருடைய நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். ஏறக்குறைய அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள். ஒருவன் சிவப்பு மையில் எழுதியிருந்தான். அடித்துவிடச் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் சொன்னபோது எழுதினார்கள், அடிக்கச் சொன்னபோது அடித்தார்கள். அதுதான் எனக்கு உறுத்தியது. அந்த ஒரு பையன் மட்டும், புத்தகம் தேடிப் போனவன், "அப்ப கடல் யாருக்கு சார்?" என்று கேட்டான்.

நூலகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட எட்டு வயது மூத்தவர். இளம் வயதில் பினாங்குக்குப் போய், அங்கே ஒரு நூலகத்தில் அட்டை எழுதும் வேலை பார்த்தவர். புத்தகத்துக்கு ஓர் அட்டை, எழுதியவர் பேருக்கு ஓர் அட்டை, பொருளுக்கு ஓர் அட்டை. தகப்பனாருக்குக் கண் தெரியாமல் போனதும் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார். எங்கள் பள்ளி நூலகம் என்பது ஆய்வுக்கூடத்தை ஒட்டிய ஓர் அறையும் மூன்று பீரோவும். அதே அறையில்தான் சாக்பீஸ் பெட்டிகள், மைத்தூள், சுருட்டி வைத்த தேசப்படங்கள், உடைந்த மணி எல்லாம் இருந்தன. அவர் பெயருக்கு நூலகர். வாத்தியார்களுக்குச் சாக்பீஸ் எண்ணிக் கொடுப்பவர். நானும் அவரிடம் அதுவரை சாக்பீஸைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை.

அந்த வாரம் போய்ப் புத்தகம் கேட்டேன். அவர் ஒரு மர இழுப்பறையை இழுத்தார். உள்ளே வரிசையாக அட்டைகள். கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவில் வெட்டி, பின்பக்கத்தில் எழுதியிருந்தார். 'தென்னார்க்காடு – சரித்திரம்' என்ற அட்டையைத் திருப்பினால் யாரோ ஒருவருடைய கனிஷ்ட குமாரத்திக்கு முகூர்த்தம்.

"இதை எல்லாம் யார் பார்க்கிறாங்க?" என்றேன்.

"இதுவரைக்கும் அந்தப் பையன்தான். இன்னிக்கு நீங்க."

மாலை ரயிலில் நான்தான் பேச்சை எடுத்தேன். வாரத்தில் ஒரு வகுப்பை நூலகத்தில் வைத்துக்கொண்டால் என்ன, பையன்களே தேடட்டும் என்றேன். அவர் மடியிலிருந்த புத்தகத்தை மூடினார். அதற்குமுன் அவர் அப்படிச் சட்டென்று புத்தகத்தை மூடி நான் பார்த்ததில்லை.

தலைமையாசிரியர் லேசில் சம்மதிக்கவில்லை. "பையன் கையில குடுத்தா புத்தகம் கிழியும் சார்" என்றார்.

"கிழிஞ்சா ஒட்டிடலாம் சார்" என்றார் நூலகர். "பசை நானே காய்ச்சிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு கிடைத்தது. முதல் வாரம் நான் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: 'தேவனாம்பட்டினம் கோட்டையைப் பற்றி எழுதுக.' நூலகர் ஒரு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, பொருளடக்கம் எங்கே இருக்கும், கடைசியில் அகர வரிசையில் இருக்கிற பட்டியலை எப்படிப் பார்ப்பது, எந்த வருஷத்தில் அச்சான புத்தகம் என்று எங்கே தெரியும் என்றெல்லாம் காட்டினார். பையன்கள் மும்முரமாக எழுதினார்கள். எனக்கு ஒரே பெருமை. சனி, ஞாயிறு உட்கார்ந்து நோட்டுகளைத் திருத்தினேன். முதல் நோட்டு நன்றாக இருந்தது. இரண்டாவது நோட்டும் அதே மாதிரி நன்றாக இருந்தது. பத்தாவது நோட்டில்தான் விழித்துக்கொண்டேன். எல்லோரும் ஒரே பக்கத்தை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். எல்லா நோட்டிலும் நடுவில் 'நான்காம் படத்தைக் காண்க' என்று வருகிறது. படம் எவன் நோட்டிலும் இல்லை.

திங்கட்கிழமை ரயிலில் அவரைக் கடிந்துகொண்டேன். "பொருளடக்கம் காட்டினீங்க சரி, காப்பி அடிக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தீங்களா?"

அவர், "தப்பா நினைக்காதீங்க சார், கேள்வி சரியில்ல" என்றார். "பத்தி எழுதுன்னா பையன் இன்னா செய்வான்? புத்தகத்துல அதைப் பத்தித்தான் எழுதியிருக்குது. எடுத்து எழுதிட்டுப் போறான். நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்."

"வேற எப்படிக் கேக்கறது?"

"நம்ம பீரோவுல அந்தக் கோட்டையைப் பத்தி மூணு புத்தகம் இருக்குது. குண்டு விழுந்த கதைய மூணும் மூணு மாதிரி சொல்லுது. எங்க எல்லாம் வித்தியாசம்னு கேளுங்க. எதை நம்புற, ஏன் நம்புறன்னு கேளுங்க. அதுக்குக் காப்பி அடிக்க ஒரு பக்கமும் கிடையாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஐந்து வருஷமாகப் பாடம் நடத்துகிறவன் நான். கேள்வி கேட்கச் சாக்பீஸ் கொடுக்கிறவரா சொல்லித் தருவது என்று நினைத்தேன். நினைத்ததை எழுதுவதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவர் சொன்னபடிதான் அந்த வெள்ளிக்கிழமை கேட்டேன். பையன்கள் நாலு நாலு பேராகத் தரையில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். "டேய், இதுல வேற போட்டிருக்குடா" என்று ஒரு குரல் கேட்டது. அறை இரைச்சலாக இருந்தது. தலைமையாசிரியர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். நூலகர் ஒவ்வொரு குழுவாகப் போய்க் குனிந்து, "எந்தப் பக்கம்? எழுதினியா? பக்க எண் எழுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ரயிலில் நான் கேள்விகளைக் கொடுப்பேன். அதற்கெல்லாம் புத்தகம் இருக்கிறதா என்று பார்த்து வியாழக்கிழமை சொல்வார். இல்லையென்றால் கேள்வியை மாற்றுவோம், அல்லது மஞ்சக்குப்பத்துக்குப் போய் மாவட்ட நூலகத்தில் கேட்டு வாங்கி வருவார். நான்கு மாதத்தில் 'சார்', 'பாய்' எல்லாம் போய் இரண்டு பேரும் 'மச்சான்' ஆகிவிட்டோம். அது எந்தத் தேதியில் நடந்தது என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் குண்டு வந்தது.

கடல் யாருக்கு என்று கேட்டானே, அந்தப் பையன் பக்கத்துக் குடிகாடு கிராமத்துக்காரன். ஒருநாள் சாக்குப்பையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து என் மேஜையில் இறக்கினான். மேஜை அதிர்ந்தது. உள்ளே துருப்பிடித்த இரும்புக் குண்டு, சின்ன இளநீர் அளவு.

"எங்க கொல்லையில அப்பா ஏர் ஓட்டறப்ப கெடைச்சிது சார். ரொம்ப நாளா மாட்டுக் கொட்டாயில கெடந்துச்சு. பீரங்கிக் குண்டு சார்."

கொல்லை என்பது எங்கள் பக்கத்தில் புன்செய் நிலம். அவர்கள் கொல்லையில் கோட்டைக் குண்டு. தலைமையாசிரியரைக் கூட்டி வந்தேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பையனின் முதுகிலும் தட்டினார். அடுத்த மாதம் கல்வி அதிகாரி இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார். தச்சரை வைத்து ஒரு பீடம் செய்து, குண்டை அதில் வைத்து வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்றார். அன்று பூராவும் மற்ற வகுப்புப் பையன்கள் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். குடிகாட்டுப் பையன் குண்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை.

மாலை ரயிலில் நான் மட்டுமே பேசிக்கொண்டு வந்தேன். புதுச்சத்திரம் வந்ததும் அவர் சொன்னார்: "மச்சான், அது பீரங்கிக் குண்டுதான்னு நமக்கு யார் சொன்னது?"

"பையன் சொன்னான்."

"பையனுக்கு?"

"பார்த்தாலே தெரியலையா? குண்டு கிராமம், கொல்லையில கிடைச்சிருக்கு, இரும்பு, உருண்டை. வேற என்ன வேணும்?"

"கோட்டை வடக்கால அந்தாண்ட இருக்குது. குடிகாடு நம்ம ஸ்கூலுக்குத் தெக்கால. தூரம் ஜாஸ்தி. புத்தகத்துல இருக்கிற குண்டு கிராமத்துல குடிகாட்டைக் காணோம்."

"எல்லாத்தையும் கெடுக்கிறதுக்கே ஒரு ஆள் வேணும்" என்றேன்.

பரங்கிப்பேட்டையில் இறங்கும்போது அவர் வழக்கம்போல், "வர்றேன் மச்சான்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாள் நான் வேறு பெட்டியில் ஏறினேன். அதற்கு மறுநாளும். தூங்கலாம் என்று பார்த்தால் தூக்கம் வரவில்லை. பரங்கிப்பேட்டையில் வண்டி நிற்கும்போது, பிளாட்பாரத்தில் அவர் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே நடந்து வருவதைக் கண்டேன். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவர் எந்தப் பெட்டியிலோ ஏறிக்கொண்டார்.

மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. வகுப்பில் பையன்களைப் பார்த்து, "எதை நம்புற, ஏன் நம்புற" என்று வழக்கம்போலக் கேட்டேன். கேட்ட மாத்திரத்தில், குண்டைப் பற்றி அதை நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை என்று உறைத்தது. பீரியடு முடிந்ததும் நேராக நூலகத்துக்குப் போனேன். அவர் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"தேடலாம் மச்சான்" என்றேன்.

"நாம வேணாம்" என்றார். "பையங்க தேடட்டும். ஆனா ஒண்ணு. அந்தக் குடிகாட்டுப் பையன் மனசு நோவக் கூடாது. அவன் பொய் சொல்லல. கெடைச்சதைக் கொண்டாந்தான்."

நான் கவலைப்பட்டது என் பெயரைப் பற்றி. அவர் கவலைப்பட்டது பையனைப் பற்றி. அதை அங்கேயே கவனித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை குண்டை நூலகரின் மேஜையில் வைத்து, 'இது என்ன? எப்படித் தெரியும்?' என்று மட்டும் எழுதினேன். மூன்று குழுக்கள். ஒரு குழு தாலுகா படத்தை விரித்து, கோட்டையிலிருந்து குடிகாட்டுக்கு நூல் பிடித்து அளந்தது. அந்தக் காலத்துப் பீரங்கி எவ்வளவு தூரம் போடும் என்று கலைக்களஞ்சியத்தில் பார்த்துவிட்டு, "எட்டாது சார்" என்றார்கள். இன்னொரு குழு எதிரே இருந்த மளிகைக் கடைத் தராசில் எடை போட்டு வந்தது. கிலோ வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கிலோவைப் பவுண்டாக மாற்றுவதற்குள் அவர்களுக்கு வேர்த்துவிட்டது. பன்னிரண்டு பவுண்டு. கலைக்களஞ்சியத்தில் பன்னிரண்டு பவுண்டு பீரங்கி என்றே ஒன்று இருந்தது. எனக்கு உயிர் வந்தது. அவரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும், அதையும் எழுதுங்க" என்றார்.

எடை தெரிந்ததும் நூலகர் மூன்றாவது குழுவுக்கு அட்டைகள் இருந்த இழுப்பறையைக் காட்டினார். "குண்டுன்னு தேடுங்க. வேற எந்தப் புத்தகத்துல எல்லாம் குண்டு வருதுன்னு பாருங்க." அவர்கள் உடற்பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். குண்டு எறிதல். பள்ளி மாணவர்கள் எறிகிற குண்டும் பன்னிரண்டு பவுண்டு.

எல்லோரும் குடிகாட்டுப் பையனைப் பார்த்தார்கள். அவன் முகம் சுண்டிப் போயிருந்தது.

"எடை ரெண்டு பக்கமும் பேசுது" என்றார் நூலகர். "அதை வச்சி முடிவு சொல்ல முடியாது. வேற என்ன பார்க்கலாம் தம்பி?" கேள்வியை அவனிடமே கேட்டார்.

அவன் குண்டை மேஜையில் உருட்டிப் பார்த்தான். பிறகு, "துருவ எடுத்துப் பார்க்கலாம் சார்" என்றான்.

ஆய்வுக்கூடத்திலிருந்து மண்ணெண்ணெய் வந்தது. அவனே தேங்காய் நாரால் தேய்த்தான். யாரையும் தொட விடவில்லை. அரை மணி நேரம் தேய்த்த பிறகு ஓரிடத்தில் நின்று குனிந்து பார்த்தான். விரலால் தடவினான். நிமிர்ந்து, "பன்னண்டுன்னு போட்டிருக்கு சார். பக்கத்துல இங்கிலீஷ்ல எழுத்து இருக்கு" என்றான். உடற்பயிற்சி ஆசிரியரை அழைத்து வந்தோம். பார்த்தவுடனே அவர் சொல்லிவிட்டார்: "இது நம்ம ஸ்கூல் குண்டுய்யா. காணாம போய் நாலு வருஷம் ஆவுது."

திங்கட்கிழமை பையன் மிச்சத்தையும் கேட்டுக்கொண்டு வந்தான். அவனுடைய அண்ணன் எங்கள் பள்ளியில் படித்தவன், இப்போது பட்டாளத்தில் இருக்கிறான். போட்டிக்குப் பழகுகிறேன் என்று குண்டை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கொல்லையில் எறிந்திருக்கிறான். மழையில் சேற்றில் புதைந்துவிட்டது. திட்டு விழும் என்று யாரிடமும் சொல்லவில்லை. "அம்மாவுக்கு எல்லாம் தெரியும் சார்" என்றான் பையன். "யாரும் கேக்கல, அதனால சொல்லலன்னுச்சு."

நூலகர் அவனிடம், "அதையும் எழுது" என்றார். "எங்கே பார்த்தேன்னு எழுதற எடத்துல, அம்மா சொன்னதுன்னு போடு."

தலைமையாசிரியரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். பீடம் தயாராகி அறையில் இருந்தது, வார்னிஷ்கூடக் காயவில்லை. அவர் பீடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்ப அதுல என்னத்தய்யா வைக்கிறது?" என்றார்.

"அதே குண்டை வைக்கலாம் சார்" என்றார் எனக்குப் பின்னால் வந்து நின்ற நூலகர்.

அப்படித்தான் வைத்தோம். மேலே பையன்கள் எழுதிய அட்டை: 'இது பீரங்கிக் குண்டு அல்ல. எப்படிக் கண்டுபிடித்தோம்?' கீழே படம், எடை, புத்தகத்தின் பெயர், பக்க எண், அம்மா சொன்னது. கல்வி அதிகாரி அதன் முன்னால் நின்று முழுவதும் படித்தார். பிறகு குடிகாட்டுப் பையனைக் கூப்பிட்டு, "சரி, நிஜமான பீரங்கிக் குண்டு எங்க விழுந்துச்சு?" என்று கேட்டார்.

"தெரியாது சார்" என்றான் அவன். நான் ஓர் அடி முன்னால் வந்தேன். அவன் தொடர்ந்தான்: "மூணு புத்தகம் பார்த்தோம் சார். மூணும் வேற வேற சொல்லுது. மஞ்சக்குப்பத்துல பழைய கெஜட் ஒண்ணு இருக்குதாம். நூலகர் சார் கேட்டிருக்காரு. வந்தா பார்த்துச் சொல்றேன் சார்."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். நூலகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சாக்பீஸ் பெட்டிகளையெல்லாம் பார்த்துவிட்டு, இதையெல்லாம் வேறு அறையில் வைக்கக் கூடாதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டார். அடுத்த வாரமே சாக்பீஸ் ஆபீஸ் அறைக்குப் போனது. அன்று நூலகர் காலியான இடத்தைத் தானே பெருக்கி, இரண்டு பெஞ்சு இழுத்துப் போட்டார். வேலை முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து, "அவுங்க உக்காந்து படிக்கலாம் மச்சான் இப்ப" என்றார்.

மற்ற வாத்தியார்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் விஞ்ஞான ஆசிரியர், பிறகு தமிழய்யா. எல்லோருக்கும் செவ்வாய்க்கிழமை கேள்வி, வியாழக்கிழமை பதில்.

அறுபதுகளின் கடைசியில் எனக்குச் சிதம்பரத்துக்கே மாற்றல் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு இரண்டுங்கெட்டான் நிலை. புதுப் பள்ளியில் புத்தகங்கள் சணல் கட்டி அடுக்கிக் கிடந்தன. நூலகர் என்று யாரும் இல்லை. தையல் ஆசிரியை ஒருவரிடம் சாவியைக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மாள் ஆர்வத்தோடுதான் இருந்தார், எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. பரங்கிப்பேட்டைக்குக் கடிதம் போட்டேன். அடுத்த விடுமுறை நாளில் அவர் வந்து இறங்கினார், கத்தரிக்கோலும் ஒரு கட்டு கல்யாணப் பத்திரிகையுமாக.

மூன்று பேரும் காலையிலிருந்து உட்கார்ந்து கட்டுகளை அவிழ்த்தோம். அவர் தையல் ஆசிரியைக்கு அட்டை எழுதும் முறையைக் காட்டினார். அந்த அம்மாள் அவரைவிட வேகமாக அட்டைகளை ஒரே அளவில் வெட்டித் தள்ளினார். "உங்களுக்குக் கத்தரிக்கோல் சொல்பேச்சு கேக்குது" என்றார் அவர். சாப்பாடு என் வீட்டிலிருந்து வந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, பல நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"இப்ப அங்க சரித்திரத்துக்கு யார் வந்து கேள்வி குடுக்கிறாங்க?"

"உங்க எடத்துக்கு வந்தவரு இன்னும் கூச்சப்படறாரு. தமிழய்யாதான் சரித்திரத்துக்கும் சேர்த்து வர்றாரு." பேனாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கேள்வி நல்லா போடறாரு மச்சான். உண்மையச் சொன்னா, உங்களைவிட நல்லா."

எனக்குச் சுருக்கென்றது. மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை போலிருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்த்தார். தையல் ஆசிரியை அட்டை வெட்டுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க" என்றார் அவர். "அவருக்கு வயசு ஜாஸ்தி. அவ்ளோதான்." என்று சொல்லிவிட்டு, நான் எழுதிய அட்டையை என் கையிலிருந்து வாங்கி, ஓர் எழுத்தைத் திருத்தி, வரிசையில் செருகினார்.